புளிப்பின் அளவு

கொழிஞ்சாம்பாறை தாண்டி வேலந்தாவளம் போகிற ரோட்டில்
கள்ளுக்கடைக்கு அடுத்த வளைவு, எங்கள் ஷெட்.
போர்த் தண்ணீர்.
காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு உட்காரும்.
அதைத்தான் நாலாயிரம் குஞ்சுகள் குடித்தன,
இரண்டு பேட்ச்சும் கழிந்தே தேய்ந்தன.
நார்க்கழிவு நனைந்து அடையடையாய்ப் பெயர்ந்தது.
உள்ளே போய் வந்தால்
யாருக்கோ அழுத மாதிரி இருக்கும் என் கண்.

கம்பெனி சூப்பர்வைசர் பிஜேஷ்
செத்த ஒன்றைப் பழைய பேப்பரில் கிடத்திக் கீறினான்.
குடலை விரலில் தூக்கி வெயிலுக்குக் காட்டினான்.
"கண்டோ சேச்சி, அந்தப் பக்கம் தெரியுது."
மழையில் நனைந்த பஸ் டிக்கெட் போல இருந்தது.

அடுத்த குஞ்சோடு ஒரு நீலக் கேனும் இறங்கியது.
எறும்பின் கொடுக்கில் இருப்பது கொஞ்சம்,
தயிரில் இருப்பது கொஞ்சம்.
கெட்ட வெண்ணெயில் நாறுவது தனி,
அதைக் கொழுப்பில் பொதிந்து தீவனத்திலேயே கலந்துவிடுகிறார்களாம்,
வழியில் கரையாமல் குடல் வரைக்கும் போக.
"குஞ்சு வயித்துல புளிப்பு ஊற நாளாகும் சேச்சி.
அதுவரைக்கும் நம்ம கடன் கொடுக்கணும்."

அதே வாரம் சித்தூர் ஆஸ்பத்திரியில்
எனக்குப் புளிப்பு அதிகம் என்றார்கள்.
விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை,
பிறகு ஷெட்டுக்குப் போய்
டேங்கில் அளந்து ஊற்றுவேன்.
தாளை நனைத்துப் பார்ப்பேன்:
கரும்பச்சை, புல், எலுமிச்சை,
பழுத்த பாக்கின் நிறம் வந்ததும் மூடியைத் திருகுவேன்.
எனக்குக் குறைத்து அவைக்குக் கூட்டி
ஒரே காலையில் இரண்டு கணக்கு.

பத்தாம் நாள்
ஒரு பிடி நார்க்கழிவு அள்ளி இறுக்கினேன்.
கை விரித்தபோது உதிர்ந்தது.
இதற்கெல்லாம் சிரிப்பேன் என்று
கல்யாணம் ஆகும்போது யாரும் சொல்லவில்லை.

தடுப்பு மருந்துக்கு முந்தின இரண்டு நாளும் பச்சைத் தண்ணீர்தான்.
புளிப்பு பட்டால் மருந்தின் உயிர் போய்விடும்.
கேனின் மேல் சாக்பீஸால் பெரிதாக எழுதினேன்: வேண்டாம்.

பதினாலாம் நாள், நாலு மணி, இருட்டு.
குழாய்களை மேலே ஏற்றித் தாகத்துக்கு விட்டிருந்தோம்.
முதலில் பால்பவுடர்.
டார்ச் வெளிச்சத்தில் கரைத்துக் கரைத்துப் பார்க்கிறேன்,
வெள்ளை ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம்.
திரிந்துவிட்டது.

நாச்சிமுத்து கதவோரம் நின்றார்.
"ராத்திரி வயிறு எரியுதுன்னு படுத்துட்டியே.
நானே ஊத்தி வெச்சேன்."
நல்ல காரியம் செய்த குரல்.
சாக்பீஸ் எழுத்து அவர் பிடித்த இடத்தில் அழிந்திருந்தது.

ஐஸ் பெட்டியில் மருந்துப் புட்டி உடையாமல் இருந்தது.
அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு
டேங்கின் அடிமூடியைத் திறந்தேன்.
ஐந்நூறு லிட்டர் தென்னை வரை ஓடியது.
நிப்பிள் நிப்பிளாகத் தட்டி வடித்தோம்.
மோட்டார் போட்டால் கரண்ட் இல்லை.
பக்கத்துக் களத்துத் தொட்டியிலிருந்து
அவர் குடம் குடமாய்ச் சுமக்க
உள்ளே நாலாயிரம் தொண்டைகள்
எங்கள் இருவர் சார்பிலும் கத்தின.
நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

தாள் கரும்பச்சையில் நின்றது.
பால் கலங்காமல் கரைந்தது.
புட்டியைத் தண்ணீருக்குள் முக்கித் திறந்தேன்,
நீலச் சாயம் விட்டேன், குழாயை இறக்கினேன்.
சத்தம் வரிசை வரிசையாய் அடங்கிற்று.

ஒன்பது மணிக்கு பிஜேஷ் வந்தான்.
ஒன்றைப் பிடித்து அலகைப் பிளந்தான். நீல நாக்கு.
இன்னொன்று. நீலம்.
"நல்லா குடிச்சிருக்கு."
அட்டையில் எழுதினேன்: மருந்து, காலை ஏழு மணி.
நாலு மணிக்கு அட்டையில் கட்டம் இல்லை.

தென்னையடியில் திரிந்த பால் வெள்ளையாய்க் காய்ந்துகொண்டிருந்தது.
எறும்புகள் கிட்ட வந்து, நின்று,
சுற்றிக்கொண்டு போயின.
மாத்திரை போடாதது
அப்போதுதான் நெஞ்சுக்குழியிலிருந்து ஏறி வந்து
தொண்டையில் சொன்னது.